நூற்று எண்பத்தைந்து வெள்ளித் தெர்மாமீட்டர்

சமையலுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்க நூற்று எண்பத்தைந்து வெள்ளி செலவழிக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் செலவழிக்கலாம் என்றுதான் சொல்வேன். தேக்கா சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கும் கிடைக்கிறது. ஆனால் அதைப் பிரியாணிக்குள் குத்திவிட்டு எண் நிலைக்கும்வரை நின்றால் கால் கடுக்கும். நிலைத்த பிறகும் நாலைந்து டிகிரி முன்னே பின்னே இருக்கும். விலை கூடியது அப்படியில்லை. ஊசி மெல்லியது, இறைச்சித் துண்டின் நடுவரைக்கும் போகும், மூன்று எண்ணுவதற்குள் சூட்டைச் சொல்லிவிடும். ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், பூஜ்யம் காட்டியது. கொதிக்கிற தண்ணீரில் நூறு காட்டியது. மனிதர்களிடம் இவ்வளவு நேர்மையை நான் பார்த்ததில்லை.

நடந்ததை உங்கள் கையாலேயே தமிழில் எழுதித் தாருங்கள், அவசரமில்லை என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சேதுபதி. காப்பியும் வாங்கித் தந்தீர்கள். நல்ல பிள்ளை நீங்கள். ஆற அமரவே எழுதுகிறேன்.

என் பெயர் சம்சுன்னிசா. வயது ஐம்பத்து நான்கு. கிளமெண்டியில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஜமால் முகம்மது நடத்துகிற விருந்துச் சமையல் கூடத்தில் வேலை. அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வோம். எனக்கு முன்னால் அந்த அடுப்புகளின் முன் இருபத்திரண்டு வருடம் நின்றவர் என் வீட்டுக்காரர் சிக்கந்தர்.

தம் போட்ட தேக்சாவின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தே உள்ளே அரிசி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார் அவர். தேக்சா என்றால் நாங்கள் பிரியாணி ஆக்கும் பெரிய அண்டா. அவ்வளவு கைப்பக்குவம் இருந்தும் அவர்தான் முதலில் தெர்மாமீட்டர் கேட்டார். "நானா, வெந்துச்சா வேகலையான்னு என் கை சொல்லும். எத்தனை மணிக்கு என்ன சூடு இருந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா, கை வந்து சாட்சி சொல்லுமா?" என்றார்.

"உன் கையே தெர்மாமீட்டர்தானே. அதுக்குப் போய் நூத்தி எண்பது வெள்ளியா? விளையாடாதே லா" என்றார் ஜமால் நானா. எல்லாரும் சிரித்தோம். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அடுத்த மாதம் இன்னொரு முறை கேட்டார். அப்போது யாரும் சிரிக்கக்கூட இல்லை, கேட்காதது போல் இருந்துவிட்டார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் கேலாங்கில் ஒரு கல்யாணம். காலை பத்து மணிக்கே தேக்சாக்கள் வேனில் ஏறிவிட்டன. வேனை ஓட்டியவர் நானாதான். போகிற வழியில் வேறு இரண்டு இடத்தில் சாப்பாடு இறக்கிவிட்டு மண்டபத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பேருக்கு வாந்தியும் பேதியும். அதிகாரிகள் வந்தார்கள். சூட்டுப் பதிவேடு எங்கே என்று கேட்டார்கள். எங்கள் கூடத்தில் இருந்த ஒரே தெர்மாமீட்டர் என் வீட்டுக்காரரின் உள்ளங்கை. அதைப் பதிவேட்டில் ஒட்டிக் காட்ட முடியாது.

"சமையல்காரர் சரியா வேகவைக்கல. ஆளை நிறுத்திட்டேன்" என்று கல்யாண வீட்டார் முன்னால் நானா கைகூப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கூடத்தில் இருபத்தாறு பேர் இருந்தோம், எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. நானும் வாயைத் திறக்கவில்லை. நீயாவது வேலையில் இரு என்று அவர்தான் என்னை அடக்கி வைத்தார். ஒரே ஒருவர்தான் அதிகாரிகளிடம் போய், "தேக்சா இங்கேர்ந்து கொதிக்கக் கொதிக்கத்தான் போச்சு, நான் பார்த்தேன்" என்று சொன்னார். அவர் பஞ்சவர்ணம் அக்கா. பதினெட்டு வருடமாக எங்களுக்கு வெங்காயம் வெட்டியவர். அதற்காக நானா அவரை வாரத்தில் இரண்டே நாள் வரச் சொன்னார். பிறகு சிறுநீரகம் கெட்டு, அக்கா வேலைக்கு வருவதே நின்றுபோயிற்று.

என் வீட்டுக்காரரை அதன் பிறகு எந்த அடுப்பும் சேர்த்துக்கொள்ளவில்லை. உணவங்காடியில் தட்டு கழுவினார். வயித்துவலி பாய் என்று பெயர் வைத்தார்கள், சார். சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தெரிந்த முகம் இல்லாத பள்ளிவாசலாகப் பார்த்து இரண்டு பஸ் மாறிப் போவார். பதினாலு மாதத்தில் மௌத்தாகிவிட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். எதனால் நின்றது என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. துக்க வீட்டுக்கு நானா மூன்று தாலம் பிரியாணி அனுப்பியிருந்தார். நானும் சாப்பிட்டேன். உப்பு போதவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அதன் பிறகு, "பாவம், சிக்கந்தர் பொண்டாட்டிக்கு நான்தான் சோறு போடுறேன்" என்று அவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வது என் காதில் விழும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியெல்லாம் எனக்கு எதற்கு? அந்த அடுப்படி போதும் என்று இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், அதுவரைக்கும் எனக்கு எந்த எண்ணமும் இருந்ததில்லை.

இந்த வருடம் நானா ஹஜ்ஜுக்குப் போவதாக இருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் யார் யாருக்குத் தீங்கு செய்தாரோ அவர்கள் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து, "பொருந்திக்கோங்க" என்று கேட்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன் பொருந்திக்கொள்ளாமல் படைத்தவனும் பொருந்திக்கொள்ள மாட்டான். என் வீட்டுக்காரர் இல்லை. அப்படியென்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். வருவார் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டித் துடைத்து, நல்ல பிஸ்கட் வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து சிக்கந்தர் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதே தீர்த்திருப்பேன். சத்தியமாக மன்னித்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது. சமையல் கூடக் குழுவில், ரோஜாப்பூப் படம் போட்டு, யாரோ எழுதி யாரோ அனுப்பியதை இவரும் தள்ளிவிட்டிருந்தார். தெரிந்தோ தெரியாமலோ நான் ஏதாவது தவறு செய்திருந்தால் அனைவரும் பொருந்திக்கொள்ளவும். இரண்டு நிமிடம் கழித்து அதற்குக் கீழேயே இன்னொன்று: "நாளைக்கு வெங்காயம் நாப்பது கிலோ, மறந்துடாதீங்க." எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். நான், "பொருந்திட்டேன் நானா" என்று தட்டி அனுப்பினேன். மறுநாள் மதியம் தெர்மாமீட்டர் வாங்கப் போனேன்.

பூகிஸ் பக்கம் பேக்கரிச் சாமான் கடை. அங்கே வேலை செய்கிற வினுஷா என்ற பெண் என் முகத்தையும் கையிலிருந்த பையையும் பார்த்துவிட்டு, "ஆன்டி, வீட்டுச் சமையலுக்கு இது ரொம்ப ஓவர் லா. சின்னது எடுத்துக்கோங்க" என்றாள். எனக்குச் சூடு சரியாகத் தெரிய வேண்டும், ஒரு டிகிரி பிசகக் கூடாது என்றேன். அப்படியென்றால் இதுதான் என்று எடுத்துக் கொடுத்து, அது என்னென்ன செய்யும் என்று நிறையச் சொன்னாள். நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். அது என் பிழை.

கூடத்துக்குக் கொண்டுபோனபோது நானாவுக்குப் பரம சந்தோஷம். "பாருங்கப்பா, சம்சு சொந்தக் காசுல வாங்கிட்டு வந்திருக்கா" என்று என்னைத் தெர்மாமீட்டரோடு நிற்க வைத்துப் படம் எடுத்து விளம்பரத்தில் போட்டார். பதிவேட்டையும் என் கையிலேயே கொடுத்தார். எந்தத் தேக்சா எத்தனை மணிக்கு என்ன சூட்டில் வாசலைத் தாண்டியது என்று எழுத வேண்டியது நான். அதன் பிறகு வேனும் மண்டபமும் அவர் பொறுப்பு.

மே மாதம் அவர் மகள் ஹம்னாவின் கல்யாண விருந்து. அறுநூறு பேர். பன்னிரண்டு தேக்சா. பதினொன்றை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆக்கினேன், எந்தக் குறையும் இல்லாமல். ஒன்றை மட்டும் சனிக்கிழமை மதியமே ஆக்கிவிட்டேன். அது சம்பந்தி வீட்டாரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் உட்கார்கிற மேசைகளுக்கு. அறுபது டிகிரிக்குக் கீழே சாப்பாட்டை விடக் கூடாது என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். எதற்குக் கீழே கூடாது என்று தெரிந்தால், எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. காய்ச்சல் பிள்ளையைப் பார்ப்பது போல அதை அவ்வப்போது குத்திப் பார்த்துக்கொண்டேன். இதைப் பன்னிரண்டு வெள்ளிச் சாமானால் செய்ய முடியாது. பதிவேட்டில் அறுபத்தெட்டு என்று எழுதினேன். விருந்துக்கு நானும் மண்டபத்துக்குப் போயிருந்தேன், பரிமாறும் முன் மேலே ஆவி பறக்கிற மாதிரி கொஞ்சம் சூடு காட்டினேன். விருந்தாளிகள் ஆவியைத்தான் பார்ப்பார்கள்.

ஹம்னா நல்ல பெண். அவள் தட்டுக்கு நானே வேறு தேக்சாவிலிருந்து எடுத்து வைத்தேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டுப் பேர் விழுந்தார்கள். அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டினார்கள். கூடத்திலிருந்து நல்ல சூட்டில்தான் போயிருக்கிறது, அப்படியென்றால் வேனில் என்ன செய்தீர்கள் என்று நானாவைக் கேட்டார்கள். கடை மூடப்பட்டது. சம்பந்தி வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். ஹஜ்ஜுப் பயணம் நின்றது. செவ்வாய்க்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்து, இதோ இந்த நாற்காலியைப் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "நான் ஒண்ணுமே பண்ணலியே சம்சு, ஒருத்தன் நம்ப மாட்டேங்கிறான்" என்று அழுதார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். இனித்தது சார், எனக்கு உள்ளுக்குள்ளே தேனாக இனித்தது. அவர் போன பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்குப் பசித்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தெர்மாமீட்டர் குத்திய இடத்துச் சூட்டையெல்லாம் நாளும் மணியுமாக உள்ளே சேர்த்து வைக்கும் என்று வினுஷா சொன்னது நான் காதில் வாங்காத பாதியில் இருந்திருக்கிறது. அதை நீங்கள் கம்ப்யூட்டரில் மாட்டி, சனிக்கிழமையிலிருந்து முப்பத்தொன்பது, நாற்பது, முப்பத்தெட்டு என்று என் முன்னால் நீட்டினீர்கள். சின்னது வாங்கியிருந்தால் இப்போது நான் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் வேலையும் இவ்வளவு சுத்தமாக நடந்திருக்காது. எனக்கு வருத்தமில்லை.

இனி பஞ்சவர்ணம் அக்கா. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான்.

விருந்துக்கு வர முடியாதவர்களுக்குப் பொட்டலம் கட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். படுக்கையில் இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், இப்படி. சம்பந்தி மேசைத் தேக்சாவில் நல்ல துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன, அதிலிருந்தே கட்டு என்று நானாவின் மனைவி சொல்லிவிட்டுப் போனார். பதினோரு பொட்டலம். ஒவ்வொன்றிலும் பெயரை எழுதியது நான். பத்துப் பேர் நானாவின் சொந்தக்காரர்கள். பதினோராவது அக்கா. வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துகொள்கிற உடம்பு. மற்றவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றுவலியாக இருப்பது அவருக்கு என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். பக்கத்திலேயே காலையில் ஆக்கிய தேக்சா இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது.

யோசித்துப் பாருங்கள் சார். எனக்கு வேண்டியவள் ஒருத்தி மட்டும் தப்பித்தால் எல்லார் கண்ணும் யார் பக்கம் திரும்பும்? சிக்கந்தருக்காகப் பேசிய ஒரே ஆளுக்கே நோவு வந்தால் என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நியாயமான யோசனைதான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்துவிடுவார், நானே போய்க் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அரிசிகூட எடுத்து வைத்திருந்தேன். புதன்கிழமை விடியும்போது போய்விட்டார்.

நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. போன் பட்டியலில் ஒரு நிமிடத்து அழைப்பு என்று பார்த்திருப்பீர்கள், என்ன பேசினோம் என்று அதில் இருக்காது. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா கூப்பிட்டார். "சம்சு, சிக்கந்தர் பாய் கைப்பக்குவம் அப்படியே இருக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டேன். எனக்கு இதெல்லாம் ஆகாதுன்னு நர்ஸு திட்டும், மீதியைக் கொட்டிடவா?" என்றார்.

ரெண்டு வாய்க்கு நோவு வருமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

"ஒரு நாள்தானேக்கா, வீணாக்காம முழுசா சாப்பிடுங்க" என்றேன். சரி சரி என்று சிரித்துவிட்டு வைத்தார். அவர்மேல் எனக்கு எள்ளளவும் கோபம் இருந்ததில்லை, சார். அதனால் அவர் விஷயத்தைக் கொலை என்று எழுதாதீர்கள்.