வாலில் ஏறிய உபயங்கள்

சிறகு சங்கத்தின் தலைவராய்ச் செம்மாந்து வீற்றிருக்கும் பெரியவர் வேதசிரோமணி அவர்களே! தாம்பரத்திலிருந்தும் படப்பையிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் சான்றோரே! பிள்ளையை இடுப்பிலும் பயத்தை நெஞ்சிலும் சுமந்து நிற்கும் தாய்மாரே! இதோ, இந்த மேடையில் மாலைக்குள் படமாகச் சிரிக்கிறாரே ஆல்வின், அவருடைய மனைவி செல்வமேரி உங்களை வணங்குகிறேன்.

கை தட்டாதீர்கள். முதலில் கேளுங்கள்.

படப்பைக் கொட்டகையில் என் கணவர் தன் கையால் கட்டினார், ஒருவர் மட்டுமே அமரும் குட்டி விமானம். வரைபடத்தில் உள்ளபடியே வளைத்தார், உள்ளபடியே ஒட்டினார், எடை போட்டு மூக்குக்கும் வாலுக்கும் சமன் பார்த்தார். பிறகு வந்தீர்களே, நன்கொடையாளப் பெருமக்களே! கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுகிற நம் பழக்கம் விமானத்தை மட்டும் விட்டுவிடுமா? இரும்பில் வால் சக்கரம், ஒருவர் உபயம். வால் விளக்கு, இன்னொருவர் உபயம். எல்லார் பெயரும் பொறித்த பித்தளைத் தகடு, சங்கத்தின் உபயம். போட்டோவில் வாலில்தான் பெயர் பளிச்சென்று தெரியுமாம்!

மறுபடி எடை போட வேண்டும் என்று மன்றாடினார் அவர். ராகுகாலம் நெருங்குகிறது, சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார் என்றீர்கள். "தகடுதானே ஆல்வின் அண்ணா, இன்னா ஆயிடப் போவுது?" என்று தோளைத் தட்டினார் ஒருவர்.

என்ன ஆனது? சிங்கப்பெருமாள் கோவில் தாண்டிய திடலில் எழும்பிய விமானம் வால் கனத்து மூக்கைத் தூக்கியது. கைப்பிடியை முன்னால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், மூக்கு இறங்கவில்லை. வேகம் செத்தது. விழுந்தது.

யாரது, பின்வரிசையில் விதி என்பவர்? விதிக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா ஐயா? முடுக்கியது மனிதக் கை!

மாற்றவே கூடாது என்றா சொல்கிறேன்? முதலில் வரைந்தபடி பறக்கட்டும், அதன் குணம் தெரியட்டும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் எடை போடுங்கள். இதைக் கேட்கத்தான் அன்று உங்களுக்கு நேரமில்லை.

நாளை இரண்டாவது விமானம் அதே திடலில் எழும்பப் போகிறது. ஓட்டப்போவது என் கணவரின் நண்பர் அசார். முன்வரிசையில் இருக்கிறார்; அருகில் அவர் மனைவி ஸஹானா. இன்று காலை கொட்டகைக்குப் போனேன். அந்த விமானத்தின் வாலில் தடித்த பித்தளைப் பலகை. 'ஆல்வின் நினைவாக' என்று எழுதியிருக்கிறது. என் கணவர் பெயரை வைத்தே இன்னொருத்தி கணவரைக் கொல்வீர்களா?

கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன். தலைவர் அவர்களே, இதோ உங்கள் மேசைமேல் வைக்கிறேன், தூக்கிப் பாருங்கள். ஸஹானா, எடை போடாமல் அவரை ஏற விடாதேம்மா.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. நாளை திடலில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பேன். வணக்கம்.