பேஸில் நிற்கும் ஆள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து மோர்னிங்சைட்டில் சொந்தக் கடை போட்டவன் நான். என் காதுக்கு ஒன்றும் தப்பாது. நேற்று பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள், ஒருவன் மடியில், பேஸ்போல் மாதிரிச் சின்ன இடத்தில் ஆடும் விஃபிள் போலுக்கான, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து.

"அடிச்சுப்போட்டு ஏனடா ஓடினனி? விஃபிள் போலிலை ஒருத்தரும் ஓடுறேல்லை. ஓடிப்போய் நிக்கிற இடத்திலை, அந்த பேஸிலை, ஆளில்லாட்டியும் ஆள் நிக்குதெண்டுதான் கணக்கு."

"அப்ப அந்த ஆள் எப்ப நகரும்?"

"அடுத்தவன் அடிச்சால்தான். இதைத்தான் எல்லாரும் பிழையா விளங்குறவை."

ஓடினவன் பந்தைக் கையில் எடுத்து உருட்டினான்.

"நான் கட்டின மனிசியும் உப்பிடித்தான், மச்சான்."

"அவவுக்குக் கொழும்பிலை இன்னும் விசா குடுக்கேல்லையோ?"

"இல்லை. ஃபோன் புக்கிலை அவவின்ரை பேரும் போட்டிருக்கிறன். சாமான் விக்கிறவங்கள் ஃபோன் அடிச்சு அவவைக் கேப்பாங்கள்."

"என்ன சொல்லுவாய்?"

"கடைக்குப் போயிட்டா, இப்ப வந்திடுவா எண்டு சொல்லுவன்."