சித்ரா சொல்ல வேண்டிய வரி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செமினார் வைக்கவே கூடாது ஐயா. சோறு உள்ளே போனதும் டிரைவர்களுக்குக் கண் சொருகிவிடும். சங்ககிரி லாரிக்காரர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற எனக்கு இது முதல் வருடமே தெரிந்துவிட்டது. என்ன செய்ய, மண்டபம் மதியம்தான் காலியாகக் கிடைக்கும்.

நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ள என்னென்னவோ செய்தேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். திரையில் படம் போட்டேன், துணுக்கு சொன்னேன். குறட்டைதான் பதிலாக வந்தது. சரிவில் நிறுத்திய வண்டிக்கு அடியில், சக்கரத்துக்குக் கட்டை போடாமல் படுக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துவேன். முன்வரிசையிலேயே ஒருவர் வாயைப் பிளந்து தூங்குவார். அவமானமாக இருக்கும்.

பிறகு மாரக்காள் என்ற பெண்ணை மேடையேற்றினேன். கட்டை போடாத லாரிக்கு அடியில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் அழுதபோது மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களில் எங்கே பேச்சை நிறுத்த வேண்டும், எப்போது முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். போன வருடம் அவள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மேடையில் சிரித்த முகமாக வந்து நின்றாள்.

"அழுகை வர மாட்டேங்குதுங்க சார். எத்தன நாளைக்குத்தானுங்க அழுவுறது?" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. தேறிவிட்டாள், அவ்வளவுதான். மண்டபம் மறுபடி தூங்க ஆரம்பித்தது.

டிரைவர் பூபதி என் வகுப்பைக் கேட்டுத் திருந்தியவர். உண்மையைச் சொன்னால், திருந்தியது அவர் ஒருவர்தான். எங்கே வண்டியை நிறுத்தினாலும் முதலில் கட்டை போடுவார். அன்றும் மலையடிவாரச் சரிவில், பூட்டிக் கிடந்த ஒரு பட்டறைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கட்டை போட்டுவிட்டுத்தான் அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியில் கை பிரேக் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் யாருமில்லை. அங்கே கிடந்த லீவர் கம்பியால் கட்டையைத் தட்டினேன்.

"யாருங்க அது?"

"நான்தான் பூபதி."

"சாருங்களா? இருங்க, வாரேன்."

இரண்டாவது தட்டில் கட்டை வந்துவிட்டது, வண்டி உருண்டது. பிறகு அதை எடுத்து அவருடைய சாமான் பெட்டிக்குள் வைத்தேன்.

அவர் மனைவி சித்ராவை நானே போய்ப் பார்த்தேன். உன் துக்கம் நாலு குடும்பத்தைக் காப்பாற்றும் என்றேன். மேடையேறச் சம்மதித்தாள். "என் ஊட்டுக்காரரு கட்டை போட மறந்துட்டாருங்க" என்ற வரியை மட்டும் சொல்ல மறுத்தாள். "அவரு மறக்கற ஆளே இல்லீங்க சார்" என்று அடம்பிடித்தாள். பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள். புருஷன்மேல் கோபம் வந்த பிறகுதான் அவள் அழுகை நன்றாக அமைந்தது. எடப்பாடியில் அவள் பேசி முடித்ததும் டிரைவர்கள் எழுந்து வெளியே போய் அவரவர் வண்டிக்குக் கட்டை போட்டார்கள். அதைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது.

எதிர்ப் பட்டறைக் கேமராவில் தெரிவது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பூபதி கட்டை போட்டிருந்தார் என்பதைச் சித்ராவிடம் சொல்லிவிடாதீர்கள் ஐயா. வருகிற வாரம் கெங்கவல்லியில் அவள் பேச வேண்டும். தெரிந்துவிட்டால் அந்த வரியை ஒழுங்காகச் சொல்ல மாட்டாள்.