அருளப்பன் என்று எழுதியவர்கள்

“வெளிநாட்டுல எத்தனையோ பேரு எம்பேரை எழுதியிருக்காங்க, தெரியுமா? அருளப்பன்னு.”

நீடாமங்கலத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறியதும் முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது இதுதான். சொன்னவர் நடுவில் இருந்தார். ஜன்னலோரம் அவர் மனைவி. இந்தப் பக்கம் இருந்த பெரியவர் கேட்டார்:

“நீங்க என்ன பண்றீங்க?”

“விவசாயந்தான். மக ஜெர்மனியில நெல்லோட மரபணுவை ஆராய்ச்சி பண்றா. அவ எழுதுற கட்டுரையை மத்த விஞ்ஞானிங்க தங்களோட கட்டுரையில குறிப்பிடுவாங்களாம். அங்கெல்லாம் அப்பன் பேரைத்தான் போடுறாங்க. ‘அருளப்பன் சொன்னபடி’ன்னு. கல்யாணத்துக்கு அப்புறமும் அவ பேரை மாத்தலை. மாத்தினா பழைய கட்டுரையெல்லாம் வேற யாரோ எழுதினதா ஆயிடுமாம்.”

“கொடுத்து வச்சவருங்க. நல்லா படிக்க வச்சிருக்கீங்க.”

“நான் எங்க படிக்க வச்சேன்? மெட்ராஸுக்கெல்லாம் போவ வேணாம்னேன். காலேஜ் விண்ணப்பத்துல கையெழுத்தே போட மாட்டேன்னுட்டேன்.”

“அப்புறம் யாரு போட்டா?”

“பள்ளிக்கூடத்துல யாராச்சும் போட்டிருப்பாங்க.”

அதுவரை வெளியே நடவு வயலைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினார்.

“நான்தாங்க போட்டேன். அருளப்பன்னு.”