தலைமேல் கை

மாலை வகுப்பில் உங்கள் மொழி படிக்கிறேன்; இலக்கணம் பரவாயில்லை, உச்சரிப்புதான் உதைக்கும். அதனால் இதைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் மொழிபெயர்ப்பாளர் நிதானமானவராகத் தெரிகிறார்.

படகுப் பயணம் அத்தானின் ஏற்பாடு. அக்காவும் அவரும் அடுத்த மாதம் வேறு ஊருக்குக் குடிபோவதாக இருந்தது. அதற்குள் மூன்று பேரும் ஒருநாள் சேர்ந்து சுற்றலாம் என்றார். "புது வீட்ல உனக்கும் ஒரு ரூம் இருக்கு. லீவு விட்டா வந்துடு." நல்ல மனிதர். ‘லீவு விட்டா’ என்ற சொல்லைத்தான் நான் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மா போனதிலிருந்து எனக்கு இருப்பது அக்கா ஒருத்திதான். அவளுக்கும் நான்தான். அதை அவள் மறந்திருந்தாள், அவ்வளவே.

அந்தத் தீவு பாதுகாக்கப்பட்ட இடம். பறவைகள் முட்டையிடும் பருவம். யாரும் கத்தக் கூடாது, எஞ்சினும் ஓடக் கூடாது. தண்ணீரில் இருப்பவர்கள் கையால்தான் பேச வேண்டும் என்று படகோட்டி விளக்கினார். கையை உயர்த்தி ஆட்டினால் ‘காப்பாற்று’. உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் ‘நலமாக இருக்கிறேன்’. அக்கா குமட்டல் தாங்காமல் பின்பக்கம் கண்ணை மூடிக் கிடந்தாள். அத்தானுக்குப் படகோட்டி பேசிய உங்கள் மொழி சுத்தமாகத் தெரியாது.

"என்ன சொல்றாரு, டீச்சரம்மா?"

நான் இரண்டையும் மாற்றிச் சொன்னேன்.

"குடி முழுகினா தலையில கை. இதுகூடவா மறந்துபோகும்?" என்று சிரித்தார்.

நான் எதையும் எழுதிவிட்டு, வினைச்சொல் சரிதானா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறவள். அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நீச்சல்குளத்தில் நன்றாக நீந்துவார் என்பதால் அத்தான் மிதவைச் சட்டை வேண்டாம் என்றுவிட்டார். முகம் நீரில் இருக்கும்போது மூச்சுவிடும் குழாயை வாயில் கடித்தபடி இறங்கினார். பவளப்பாறை முடிகிற இடத்தில் நீரோட்டம் அவரை இழுத்தது. தலைமேல் கை வைத்தார். படகோட்டியும் தன் தலைமேல் கை வைத்துக் காட்டினார். அத்தான் மறுபடி வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் வைத்தார்.

"நன்றாக அனுபவிக்கிறார்" என்றார் படகோட்டி.

அக்கா கண் விழித்தாள். "ஏன்டி, அவரு தலையில கை வெச்சிருக்காரு?"

"நல்லா இருக்கேன்னு அர்த்தம்க்கா. படகுக்காரர் சொல்லிக் கொடுத்தது."

அவளும் எழுந்து உட்கார்ந்து, சிரித்தபடி தன் தலைமேல் கை வைத்து அவருக்குக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் தெரியவில்லை.

அரைகுறை மொழி, தவறியிருக்கலாம் என்று நீங்களே சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் இரண்டு வாக்கியங்களும் எனக்குத் தெளிவாகப் புரிந்தன. தெரிந்தேதான் மாற்றினேன்.

அக்கா என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.