மெயின் சுவிட்சில் கட்டிய துண்டு

ஈரத் துண்டு எங்கே கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது. அலசிப் பிழிந்து, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டு, காய்ந்ததும் நாலாக மடித்து வைத்தால்தான் மனசு ஆறும். பூண்டி மாதிரி மலை ஊரில், வருசத்தில் பாதி நாள் மேகம் இறங்கிக் கிடக்கும் இடத்தில், தானாகக் காயட்டும் என்று விட்டால் இரண்டே நாளில் நாறிவிடும். அந்தப் பழக்கம்தான் என்னை இந்த ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது, சார். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுக்காதவள் என்ற பேர் மட்டும் எனக்கு வேண்டாம்.

முதலிலிருந்தே சொல்கிறேன். ரைட்டர் நிதானமாக எழுதட்டும். நான் எங்கே ஓடப் போகிறேன்?

என் பெயர் கந்தம்மாள். வயது அறுபத்தொன்று. என் மாமனார் கட்டியது ஒரே நீள வீடு. அவர் போன பிறகு நடுவில் சுவர் வைத்து, என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். கொழுந்தன் தன் பாதியை சோலைமுத்து என்ற சிலோன்காரருக்கு விற்றுவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டார். வீட்டைப் பிரித்தார்களே தவிர கரண்டைப் பிரிக்கவில்லை. மீட்டரும் மெயின் சுவிட்சும் என் முன்னறையில். அங்கிருந்து ஒரு ஒயர் வெளியே போய், இறவாரத்தை ஒட்டியே ஓடி, அந்தப் பாதிக்குள் நுழையும். நான் மெயினை அணைத்தால் இரண்டு வீடும் இருட்டு.

சோலைமுத்து இருந்தவரை தகராறு கிடையாது. இரண்டு பல்பு, ஒரு டிவி, அவ்வளவுதான். அவர் காலமாகி, மகன் மகேந்திரன் தலையெடுத்த பிறகுதான் எனக்குத் தலைவலி. அவன் மனைவி ஜோதிமணிக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் பிள்ளை பிறந்துவிட்டது. உள்ளங்கை அளவுதான் இருந்தது. பிள்ளையைச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்; உடனே ஒரு ரூம் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதைப் போட்டால் என் வீட்டு விளக்கு மங்கும், பீஸ் போகும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது தன் கையால் இழுத்த ஒயர் அது. எவ்வளவுதான் தாங்கும்?

ஆகவே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். ஆசாரியைக் கூப்பிட்டு மெயினைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அடித்து, பூட்டுப் போட்டேன். சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்து ஒரு மணி நேரம் கரண்டு. பிறகு அணைத்துவிடுவேன். எனக்கென்ன, ஏழரைக்கெல்லாம் படுத்து வெள்ளனே எழுந்திருக்கிறவள். மற்ற நேரத்தில் வேண்டுமென்றால் வந்து கேட்கலாம், போடுவேன். கேட்டு நான் இல்லையென்று சொன்னதே கிடையாது, தூங்கிப்போன நாட்களைத் தவிர.

அவனும் வந்து கேட்டான். காலில் சேறு இருப்பதால் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பான். "பெரியம்மா, பிள்ளை வெறச்சுப் போய்க் கெடக்குங்க. ஒரு ரெண்டு மணி நேரம் போட்டுவிடுங்க" என்பான். நான் கையிலிருக்கும் சோலியை முடித்து, கையைத் துடைத்து, சாவியைத் தேடி எடுத்து வருவேன். அதுவரை நின்றுகொண்டே இருப்பான். என் மகன் திருப்பூரில் இருக்கிறான், சார். தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். என் வாசலில் ஒருத்தன் தினமும் வந்து பெரியம்மா என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் அவன்தான். தனிக் கனெக்‌ஷன் வேண்டும் என்று ஆரம்பித்தான். அதற்கு நான் ஆட்சேபணை இல்லை என்று ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒயர் வர என் பேரிக்காய் மரத்தில் ஒரு கிளையைக் கழிக்க வேண்டுமாம். தை பிறக்கட்டும் என்றேன். தை பிறந்தது, காய் இறங்கட்டும் என்றேன். காய் இறங்கியது, மகனைக் கேட்க வேண்டும் என்றேன். ஆற அமர யோசிப்பது ஒரு தப்பா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, அவன் பக்கத்துத் தோட்டத்து மயில்சாமியைப் பஞ்சாயத்துக்குக் கூட்டி வந்தான். "ஏத்தா கந்தம்மா, ஒரு கையெழுத்துத்தான, போட்டு விட்ரு. பச்சப்புள்ள இருக்கிற வீடு" என்றார் அவர். கொஞ்சமும் அனுசரித்துப் போகாதவனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எப்படிப் புரியும்? கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீங்கள் மலைக்குப் புதுசு. அதனால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மழைக் காலத்தில் லைன்மேன் தங்கமுத்து எங்கள் ஊருக்கு வந்து சேர இரண்டு நாளாகும். அதனால் சின்னச் சின்ன ரிப்பேரை அவரவரே பார்த்துக்கொள்வோம். மெயினை அணைத்தவன் தன் துண்டை அதன் கைப்பிடியில் கட்டிவிட்டுத்தான் ஏணியில் ஏறுவான். துண்டு இருந்தால் மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவன்கூட அதைத் தொட மாட்டான். போன வருசம் இதே மயில்சாமி, தோட்டத்து மோட்டார் சுவிட்சில் துண்டைக் கட்டிவிட்டு, அதை மறந்து மன்னவனூருக்குக் கல்யாணம் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு நாள் நாலு பேருடைய கேரட்டுக்குத் தண்ணீர் இல்லை. அவருடைய ஏழு தலைமுறையையும் ஏசினார்களே தவிர, ஒருத்தரும் துண்டில் கை வைக்கவில்லை. ஆள் அனுப்பி, அவரையே கூட்டி வந்துதான் அவிழ்க்க வைத்தார்கள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. எங்கள் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை, காது இருக்கிறது, கேட்கிறது.

"பெரியம்மா கையெழுத்தே தேவையில்லையாம் புள்ள" என்றான் மகேந்திரன். "பத்திரத்தக் காட்டி நம்மளே எழுதிக் குடுத்தாப் போதும்னுட்டாங்க. பின்னாடி நம்ம எடத்துலயே கம்பம் நட்டு இழுத்துருவாங்க. திங்கக்கெழம வாராங்க."

"அப்ப இனிமே அந்தம்மா வாசல்ல போயி நிக்க வேண்டாம்ல?" என்று ஜோதிமணி கேட்டாள்.

"நிக்கவே வேண்டாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிள்ளையும் ஏதோ சத்தம் போட்டது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இட்லிக்கு அரிசியை ஊறப் போட்டேன், உளுந்தைக் களைந்து வைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் காற்றும் சாரலும் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குக் குளிர் என்று அவன் கேட்டு மெயினைப் போட்டு வைத்திருந்தேன்; இறவாரத்தில் ஒயர் இணைப்பு விட்டுப்போய், அவர்கள் பாதிக்கு மட்டும் கரண்டு நின்றுவிட்டது. வாசலில் வந்து நின்றான்.

"பெரியம்மா, ஜாயிண்டு அந்துபோச்சு. திங்கக்கெழம வரைக்கும் தாங்குனாப் போதும். பெட்டியத் தொறந்து விடுங்க, வெரசா முடிச்சிர்றேன்."

திறந்துவிட்டேன். அவனே மெயினை அணைத்தான். தலையில் கட்டியிருந்த நீலத் துண்டை அவிழ்த்து, கைப்பிடியில் இரண்டு முடிச்சாகப் போட்டான். துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு ஒன்று இருந்தது, ஜோதிமணி தைத்தது. "துவாயக் கட்டியாச்சு பெரியம்மா. பாத்துக்கங்க" என்றான். துண்டு என்று அவர்கள் வாயில் வராது. துவாய் என்பது அவன் அப்பன் சிலோனிலிருந்து கொண்டுவந்த சொல். பிறகு சாரலில் இரும்பு ஏணியைச் சாத்தி ஏறினான்.

விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு வந்த ஏட்டையாவிடம், துண்டு எதையும் நான் பார்க்கவில்லை, மாவாட்டலாம் என்று மெயினைப் போட்டேன் என்றேன். அதில் பாதி உண்மை. அரிசி ஊறித்தான் இருந்தது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? பாவிப்பய துண்டைக் கட்ட மறந்துவிட்டானே என்றது. அவர் கட்டாமல் ஏற மாட்டார் என்று ஜோதிமணி மட்டும் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். செத்தவன் மேல் பழி விழுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நானாக அப்படிச் சொல்லவில்லையே, அவர்களாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. தாம்பாளத்தில் அரிசி, தேங்காய், காய்கறி எல்லாம் வைத்தேன். கூடவே அவன் துண்டையும் வைத்தேன். அலசி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தேன். அது அவர்கள் வீட்டுப் பொருள், நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஜோதிமணி துண்டை எடுத்தாள். சிவப்பு ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை. "அவரு கட்டுனது ஒங்க கைக்கு எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டாள். தாம்பாளத்தில் சரிந்த தேங்காயை நேராக எடுத்து வைத்தேன். மயில்சாமி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அடிப் பாதகத்தி, துண்டையா அவுத்த?" என்றார். அவன் செத்ததைக் காட்டிலும் துண்டை அவிழ்த்ததுதான் அந்தச் சபைக்குப் பெரிதாக இருந்தது. அவர்தான் உங்களுக்குப் போன் போட்டார்.

காற்று அவிழ்த்திருக்கும் என்று வக்கீல் எழுதச் சொல்கிறார். வேண்டாம். இரண்டு முடிச்சைக் காற்று அவிழ்க்குமா? ஈரத்தில் நன்றாக இறுகிப் போயிருந்தது. நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். உதறிக் கொடியில் போட்டேன். பிறகு வாசலுக்கு வந்து மேலே பார்த்தேன். இரண்டு கையாலும் ஒயரைச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "முடிஞ்சிருச்சு பெரியம்மா, இன்னும் ரெண்டே நிமிசம்" என்றான். மெதுவாகச் செய்யப்பா என்றேன். உள்ளே போய் மெயினைப் போட்டேன். அவன் ஏணியில் இருக்கிறான் என்று தெரிந்துதான் போட்டேன்.

திங்கட்கிழமை கம்பம் நட வந்தவர்கள் சாவு வீடு என்று திரும்பிப் போய்விட்டார்கள். அங்கே இன்னும் சிம்னி விளக்குத்தான். பிள்ளையை அடுப்படியில் போட்டுக்கொண்டு கிடக்கிறாள்; சுவருக்கு மேலே புகையும் இருமலும் வந்துகொண்டே இருந்தது. நானும் இந்தப் பதினாறு நாளும் சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளாவது வந்து கேட்டாளா? அவ்வளவு வீம்பு அவளுக்கு.

இந்தாருங்கள், பெட்டிச் சாவி. கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளிடம் கொடுத்துவிடாதீர்கள், சார். ஜெயிலில் ஆளைப் பார்க்க விடுவார்கள்தானே? பிள்ளைக்குக் குளிருகிறது என்றால் அங்கே வந்து கேட்கட்டும். பெரியம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால், நான் இல்லையென்றா சொல்லப் போகிறேன்?