வலை நூலால் கட்டிய பொத்தான்

மன்னார் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். திருத்தக் கொண்டுபோகும் கிரைண்டர் ஒன்று கணவரின் மடியில் கருகல் மணத்தோடு இருந்தது.

"இஞ்சேரப்பா, இந்தக் கிரைண்டர்ப் பொத்தானில ஏன் வலை நூல்?"

"மெதுவாக் கதை. அமத்த அமத்த வெளியால தள்ளிக்கொண்டு வந்துது. இழுத்துக் கட்டிப்போட்டன்."

"உழுந்து கூடினா மோட்டர் எரியாமல் நிப்பாட்டத்தானே அது வெளியால வாறது!"

"எரிஞ்சாப் பிறகுதான் விளங்கிச்சுது."

"இரவல் தந்த அக்காட்டைச் சொன்னனீங்களோ?"

"தானா எரிஞ்சதெண்டு சொன்னனான்."

"அவ பேசேல்லையோ?"

"பழசைத் தந்து உங்களை அலைக்கழிச்சுப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு கும்பிடாக் குறையாக் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பரவாயில்லை அக்கா எண்டனான்."